ஹீட்டரின் காயில் கெட்டதா, மின்னழுத்தம் குறைந்ததா: மின்தடையும் மின்திறனும் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் அக்கா வீடு. மார்கழியில் அங்கே குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துப்போகும். போன மார்கழியில் ஒரு நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, ஹீட்டர் மறுபடியும் மக்கர் செய்கிறது. தண்ணீர் சூடாக அரை மணி நேரம் ஆகிறது. இந்த முறையும் காயில்தான் போய்விட்டதாம், மாற்றச் சொல்கிறார்கள்.” அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஒரு காயில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், மாற்றியிருந்தார். பணம் போனது, தண்ணீர் சூடாகவில்லை.

சேலத்திலிருந்து மல்டிமீட்டரையும் கிளாம்ப் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பஸ்ஸில் ஏறிப்போனேன். காயிலில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே இருந்தது என்பதை இரண்டே சூத்திரங்கள் காட்டிக்கொடுத்தன. அன்று செய்த அதே வரிசையில் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் நினைவில் இருந்தால் போதும்.

கணக்குக்குள் போகும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு ஹீட்டருக்குச் சொந்தமானது அதன் மின்தடை மட்டுமே. மின்னழுத்தம் வெளியிலிருந்து வருவது. எத்தனை ஆம்பியர் ஓடும், எத்தனை வாட் கிடைக்கும் என்பதெல்லாம் இவை இரண்டும் கூடித் தீர்மானிப்பவை. பெட்டியில் ‘2000 வாட்’ என்று அச்சடித்திருப்பதைப் பொருளின் குணம் என்று பலரும் நம்புகிறார்கள். அது 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே உண்மை. அதனால்தான் முதலில் மின்தடையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

தேவையான சூத்திரங்கள்

மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் = மின்தடை
(வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்)

மின்னழுத்தம் × மின்னோட்டம் = மின்திறன்
(வோல்ட் × ஆம்பியர் = வாட்)

முதலாவது ஓம் விதி. ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டது. இரண்டாவதுடன் முதலாவதைச் சேர்த்தால் இன்னும் இரண்டு கிடைக்கும்:

மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை = மின்திறன்
மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை = மின்திறன்

நான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒயரில் வீணாகும் வெப்பத்துக்கு மூன்றாவது வசதி. ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்கு நான்காவது. இந்த இரண்டிலும் ஓர் அளவு தன்னாலேயே பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். அக்கா வீட்டுப் பிரச்சினையின் பாதி அந்த இரட்டைப் பெருக்கலில்தான் இருந்தது.

பேட்டரியில் கை பழகுதல்

மல்டிமீட்டரை முதன்முதலாகத் தொடுகிறவர் 230 வோல்ட்டில் தொடங்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் நான்கு, அவற்றைப் பிடிக்கும் ஒரு பெட்டி, 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டும் கால் வாட். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் எல்லாமே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். மஞ்சள், ஊதா, பழுப்புப் பட்டைகள் உள்ளது 470 ஓம். மூன்றாவது பட்டை கறுப்பாக இருந்தால் 47.

பேட்டரியின் ஒரு முனையிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து மீட்டர், மீட்டரிலிருந்து பேட்டரியின் மறுமுனை என ஒரே வரிசையில் இணையுங்கள். மின்னோட்டத்தை அளக்கும்போது மீட்டர் பாதையின் நடுவே உட்கார வேண்டும். மின்னழுத்தத்தை அளக்கும்போது பாதையைப் பிரிக்காமல் ரெசிஸ்டரின் இரு முனைகளையும் தொட்டால் போதும். இதை மாற்றிச் செய்து, ஆம்பியர் நிலையில் வைத்த மீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் நேராகக் கொடுத்தால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். வீட்டு சாக்கெட்டில் அதே தவறைச் செய்தால் ஃபியூஸோடு நிற்காது. தீப்பொறி பறந்து கை கருகும்.

எனக்குக் கிடைத்த அளவுகள்: 6.2 வோல்ட், 13.1 மில்லி ஆம்பியர். ஆயிரம் மில்லி ஆம்பியர் ஓர் ஆம்பியர் என்பதால் அதை 0.0131 ஆம்பியர் என்று மாற்றினேன். 6.2 ÷ 0.0131 = 473 ஓம். ரெசிஸ்டரின் கடைசிப் பட்டை தங்க நிறம். ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொருள். 473 சரிதான். மில்லியை மாற்றாமல் வகுத்துவிட்டால் 0.473 என்று வரும். அதுவும் தவறில்லை, அது கிலோ ஓம், அதாவது ஆயிரம் ஓம் கணக்கில். மாணவர்களுக்கு அதிக மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான்.

மின்திறன்: 6.2 × 0.0131 = 0.081 வாட். ரெசிஸ்டர் தாங்குவது 0.25 வாட். தொட்டுப் பார்த்தால் சூடே தெரியாது.

இனி 47 ஓம். மின்னோட்டம் 123 மில்லி ஆம்பியருக்கு ஏறியது, மின்னழுத்தம் 5.8 வோல்ட்டுக்கு இறங்கியது. 5.8 × 0.123 = 0.71 வாட். தாங்கும் அளவைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அரை நிமிடத்துக்குள் வண்ணப் பட்டைகளுக்கு மேலிருந்து வார்னிஷ் கருகும் மணம் வந்தது. விரலால் தொடாதீர்கள். ‘இத்தனை ஓம்’ என்பதைப் போலவே ‘இத்தனை வாட்’ என்பதும் ஏன் முக்கியம் என்று அந்த மணம் சொல்லிவிடும்.

6.2 ஏன் 5.8 ஆனது? செல்லுக்குள்ளேயும் ஒரு மின்தடை இருக்கிறது. அதிக மின்னோட்டம் ஓடும்போது மின்னழுத்தத்தின் ஒரு பகுதி உள்ளேயே செலவாகிவிடுகிறது. மின்கலம் இப்படி நிலையில்லாமல் ஆடியது ஓமையும் தொல்லைப்படுத்தியது. அவர் மின்கலத்தை விட்டுவிட்டு, இரு உலோகங்களின் இணைப்புகளைச் சூட்டிலும் குளிரிலும் வைத்து மின்னோட்டம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறிய பிறகே அவருடைய அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. செல்லுக்குள் நடந்த இந்தச் சிறு இறக்கத்தை மறந்துவிடாதீர்கள். மலை மேல் இதையேதான் பெரிய அளவில் பார்க்கப்போகிறோம்.

வீட்டு மின்சாரத்தைத் தொடும் முன்

ஈரமான உடலின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி. கருவி 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளியலறை ஹீட்டருக்கு அந்தக் கருவியும் எர்த் இணைப்பும் ஏன் கட்டாயம் என்பது புரியும்.

ஓம் அளக்கும்போது மெயின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்னழுத்தம் அளக்கும்போது உலர்ந்த கை, காலில் செருப்பு, மீட்டரின் ஒயர்களில் விரிசல் இல்லாமை, குமிழ் மாறுதிசை வோல்ட்டில் இருப்பது ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். மின்னோட்டத்தை மல்டிமீட்டரால் அளக்கவே வேண்டாம். ஒயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டர் போதும். சுவருக்குள் ஒயரைப் பிரிக்கும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரியது.

ஹீட்டரின் மின்தடையைக் கண்டுபிடித்தல்

முதலில் காகிதத்தில். ஹீட்டரின் பக்கவாட்டுத் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட், 15 லிட்டர் என்று இருந்தது. நான்காவது சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் மின்தடை கிடைக்கும்:

230 × 230 = 52,900
52,900 ÷ 2000 = 26.45 ஓம்

பிறகு மீட்டரால். பிளக்கைப் பிடுங்கி, மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டேன். 0.4 ஓம் காட்டியது. அது மீட்டர் ஒயர்களின் மின்தடை. பிறகு பிளக்கின் பேஸ், நியூட்ரல் பின்களில் வைத்தேன். 26.6. கழித்தால் 26.2 ஓம். கணக்கு சொன்ன 26.45க்கு ஒரு சதவீதம்தான் வித்தியாசம். காயில் நன்றாக இருக்கிறது. காயில் அறுந்திருந்தால் மீட்டர் எந்த எண்ணும் காட்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால், போதிய சூடு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் பாதையைத் திறந்துவிட்டிருக்கும். அப்போதும் மீட்டர் எந்த எண்ணும் காட்டாது. நல்ல காயிலைக் கெட்டதென்று முடிவு கட்டுவது பல நேரம் இப்படித்தான். தண்ணீர் ஆறிய பிறகே அளவிடுங்கள். அத்துடன் ஒரு பின்னை எர்த் பின்னுடன் சேர்த்தும் அளந்து பாருங்கள். அங்கே எண் எதுவும் வரக் கூடாது. வந்தால் ஹீட்டரை உடனே ஒதுக்கிவையுங்கள்.

உண்மையில் எத்தனை வாட் கிடைக்கிறது

மின்னழுத்தத்தை ஹீட்டர் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் கிடைப்பது சுமையில்லாத அளவு. செல்லில் பார்த்தோமே, அதே கதை. மாலை ஏழு மணிக்கு, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க, அதே பலகையின் பக்கத்து சாக்கெட்டில் அளந்தேன். 190 வோல்ட்.

190 ÷ 26.45 = 7.18 ஆம்பியர்
190 × 7.18 = 1365 வாட்

பேஸ் ஒயரை மட்டும் கவ்விய கிளாம்ப் மீட்டர் 7.2 காட்டியது. இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியம்தான் காட்டும்.

மின்னழுத்தம் குறைந்தது 17 சதவீதம். மின்திறனோ 32 சதவீதம் குறைந்துவிட்டது. மின்னழுத்தம் தன்னாலேயே பெருக்கப்படுவதன் விளைவு இது. 15 லிட்டர் தண்ணீரை 14 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் போட்டுப்பார்த்தேன். ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த 4186 ஜூல் வேண்டும்.

15 × 36 × 4186 = 22,60,440 ஜூல்

ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 2000 வாட்டில் 1130 நொடி, அதாவது 19 நிமிடம். 1365 வாட்டில் 1656 நொடி, கிட்டத்தட்ட 28 நிமிடம். அக்கா சொன்ன அரை மணி நேரம் இதுதான். இரண்டு காயில் அல்ல, இருபது காயில் மாற்றினாலும் அந்த நேரம் குறைந்திருக்காது.

“அப்படியென்றால் கரண்ட் பில்லும் கூடுமா?” என்று அக்கா கேட்டார். தண்ணீருக்குள் போகும் வெப்பம் இரண்டு விதத்திலும் ஒன்றுதான். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல்; ஆகவே ஒரு முறை காய்ச்ச 0.63 யூனிட். தொட்டியின் மேல்பரப்பில் இழக்கும் கொஞ்சம் வெப்பத்தைத் தவிர, நேரம்தான் நீளும்.

மீட்டர் விளக்கு காட்டிய 57 வாட்

வீட்டு மின் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருப்பார்கள். அக்கா வீட்டில் 3200. அப்படியானால் ஒரு சிமிட்டல் 36,00,000 ÷ 3200 = 1125 ஜூல். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஹீட்டரை மட்டும் ஓடவிட்டோம். அக்கா மகள் சிமிட்டல்களை எண்ணினாள். நான் கைபேசியில் நேரம் பார்த்தேன். நூறு சிமிட்டலுக்கு 79 நொடி.

1,12,500 ÷ 79 = 1424 வாட்

ஹீட்டரில் கிடைப்பது 1365. மீட்டரைக் கடந்து போவது ஏறக்குறைய 1424. இடையில் சுமார் அறுபது வாட் எங்கே போகிறது? இந்த வழிகாட்டியில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தச் சோதனையை ஒரு முறை செய்து பாருங்கள். சிமிட்டலை எண்ணக் கருவி எதுவும் வேண்டாம். வரும் விடையை ஹீட்டரில் அளந்த வாட்டோடு ஒப்பிட்டால், வீட்டு ஒயரிங்கில் பெரிய கசிவோ இழப்போ இருப்பது தெரிந்துவிடும்.

மீட்டர் பலகையில் போய் அளந்தேன். ஹீட்டர் ஓடும்போது அங்கே 198 வோல்ட். குளியலறையில் 190. எட்டு வோல்ட் வழியிலேயே விழுந்துவிடுகிறது.

8 ÷ 7.18 = 1.11 ஓம்
8 × 7.18 = 57 வாட்

மீட்டர் விளக்கு காட்டிய வித்தியாசமும் இதுவும் ஒத்துப்போகின்றன.

அந்த வீட்டுக் குளியலறை தனிக் கட்டடம். சில்வர் ஓக் வரிசைக்கு அப்பால். ஒயரின் நீளம் 40 மீட்டர். போக, வர 80 மீட்டர். போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0172 ஓம். ஆகவே 0.0172 × 80 ÷ 1.5 = 0.92 ஓம். ஆனால் அளவில் வந்தது 1.11. ஏறத்தாழ 0.2 ஓம் கூடுதல். ஒயருக்கு அது சொந்தமில்லை; எங்கோ ஒரு இணைப்பு அதை வைத்திருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு, மின்பணியாளர் ஒருவரோடு ஒயர் போகும் வழியெல்லாம் பார்த்தோம். பின்தாழ்வாரத்து ஓட்டுக்கடியில், இரண்டு ஒயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இடம். டேப் உருகி, இறுகி, கரித்துண்டுபோல் விரலில் உதிர்ந்தது. உள்ளே செம்பு பச்சையும் கறுப்புமாக இருந்தது. 7.18 × 7.18 × 0.2 = 10 வாட். கேட்கச் சிறிய எண். ஆனால் கட்டைவிரல் நுனி அளவுள்ள இடத்தில், காற்றோட்டமில்லாமல், தினமும் அரை மணி நேரம். பக்கத்தில் காய்ந்த மர ரீப்பர். காயில் மாற்றிக்கொண்டே இருந்திருந்தால் ஒருநாள் அந்த ஓட்டுக்கூரை பற்றியிருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

இணைப்பே இல்லாமல் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டோம். 0.0172 × 80 ÷ 4 = 0.34 ஓம். வழியில் விழுவது இப்போது இரண்டரை வோல்ட். ஹீட்டருக்கு 195.5 வோல்ட், 1445 வாட். நேரம் 26 நிமிடம். பெரிய மாற்றமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒயரில் வீணாவது 57 வாட்டிலிருந்து 19 வாட்டுக்கு வந்துவிட்டது, சூடாகும் இணைப்பும் போய்விட்டது.

மீட்டருக்கே 198 தான் வருகிறது என்பது வீட்டுக்கு வெளியே உள்ள சங்கதி. மலையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். மின்மாற்றியிலிருந்து கடைசிக் கம்பம்வரை கம்பி நீளும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஹீட்டர் ஓடும். நம் 40 மீட்டரில் நடந்ததுதான் அங்கே சில நூறு மீட்டரில் நடக்கிறது. மேட்டூரிலிருந்து மின்சாரத்தை 110, 230 கிலோவோல்ட்டில் அனுப்புவதும் இதற்காகவே. மின்னழுத்தம் பத்து மடங்கானால் அதே மின்திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு; அதே கம்பியில் இழப்பு நூறில் ஒரு பங்கு. புகார் கொடுக்கப் போகிறவர்கள் ‘லோ வோல்டேஜ்’ என்று மட்டும் எழுதாமல், ஒரு வாரம் காலை ஆறு, மாலை ஏழு, இரவு பதினொன்று ஆகிய மூன்று வேளையும் மீட்டர் பலகையில் அளந்து அட்டவணையாக இணையுங்கள்.

இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

குண்டு பல்பு. 100 வாட் பல்புக்குக் கணக்குப்படி 529 ஓம். ஹோல்டரிலிருந்து கழற்றி மீட்டரில் வைத்தால் 38 ஓம்தான் வந்தது. பல்பும் சரி, மீட்டரும் சரி. டங்ஸ்டன் இழை வெண்சூட்டில் இருக்கும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஹீட்டர் காயிலில் இருப்பது நிக்ரோம். சூட்டில் அதன் மின்தடை சில சதவீதமே மாறும். அதனால்தான் குளிர்ந்த நிலையில் அளந்ததை நம்ப முடிந்தது.

எல்.இ.டி. பல்பு, கைபேசி சார்ஜர் போன்றவற்றுக்கு உள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது. ஓம் அளந்து பயனில்லை.

மோட்டார்தான் முக்கியம். இளம்பிள்ளையிலோ தாரமங்கலத்திலோ விசைத்தறி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மோட்டார் காயிலின் ஓம் அளவால் 415 வோல்ட்டை வகுத்தால் வரும் விடைக்கு எந்தப் பொருளும் இல்லை. சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மும்முனை மோட்டாருக்குக் கணக்கு இப்படி: ஒரு குதிரைத்திறன் மோட்டாரில் ஒரு பேஸில் 1.8 ஆம்பியர் ஓடினால்,

1.732 × 415 × 1.8 = 1294 வோல்ட் ஆம்பியர்

இது வாட் அல்ல. இதில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்பதைச் சொல்லும், தகட்டில் உள்ள திறன் காரணியால் (பவர் ஃபாக்டர்) இதைப் பெருக்க வேண்டும். 0.75 என்றால் 970 வாட். அதில் 746 வாட் தறியை ஓட்டுகிறது. மீதி வெப்பமும் உராய்வும்.

மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டரில் மின்னோட்டமும் குறைகிறது. சுமையோடு ஓடும் மோட்டாரிலோ அது கூடுகிறது. தறி கேட்கும் வேலை குறையாததால் குறைந்த வோல்ட்டை அதிக ஆம்பியரால் ஈடுகட்டப் பார்க்கிறது. மின்னோட்டம் 15 சதவீதம் ஏறினால் காயிலில் வெப்பம் 1.15 × 1.15, அதாவது 32 சதவீதம் ஏறும். ‘லோ வோல்டேஜில் காயில் எரிந்துபோகும்’ என்ற பேச்சு மோட்டாருக்கு முழு உண்மை. அதை ஹீட்டருக்கும் பொருத்தியதால்தான் அக்காவின் பணம் வீணாகப் போனது.

கிளம்பும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘26.2 ஓம், ஆறிய தண்ணீரில் அளந்தது’ என்று எழுதி, ஹீட்டரின் அடிமூடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இனி யார் வந்து காயில் போய்விட்டது என்றாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கி அளந்து காட்டச் சொல்லும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.